ஐந்தாயிரத்துக்காக ஐப்பசி வரை காத்திருக்கலாமா?

இவை 2025 தீபாவளிக்குச் சில வாரம் முன்பு வந்த கடிதங்கள்; விலைகளும் டாலர் மதிப்பும் அப்போதையவை. இவற்றில் முக்கால்வாசி ஒரே கேள்வியைத்தான் வேறு வேறு ஊர்களிலிருந்து கேட்கின்றன. விலை உயர்ந்த லேப்டாப், போன், டிவிக்கெல்லாம் தீபாவளியை ஒட்டித் தருகிற ஐந்து, ஆறு சதவீதம் ஒரு தள்ளுபடியா, அதற்காகக் காத்திருக்கலாமா என்பதுதான் அது. மதுரையில் ஒரு ஷோரூமில் 23 வருடம் நின்றே வேலை பார்த்தவன் நான். விற்பனையாளர்களுக்கு அப்போது அங்கே ஸ்டூல் கிடையாது. அந்த முழங்கால் வலியோடு சேர்ந்து வந்த அனுபவத்திலிருந்து பதில் சொல்கிறேன்.

ஐயா, கல்லூரியில் கணிதம் கற்பிக்கிறேன். 13 அங்குல மேக்புக் ஏர் (எம்4 சிப் உள்ள மாடல்) வாங்க வேண்டும். கடையில் 99,900 ரூபாய். தீபாவளி வாரத்தில் 94,900க்குத் தருகிறோம் என்கிறார்கள். என் பழைய லேப்டாப் வகுப்பு நடுவிலேயே அணைந்துபோகிறது. இன்னும் மூன்று வாரம் பொறுக்கலாமா?
– பேராசிரியை, நாகர்கோவில்

அம்மா, பொறுக்கவும் வேண்டாம், 94,900 கொடுக்கவும் வேண்டாம்.

நீங்கள் கல்லூரியில் வேலை செய்கிறீர்கள் என்பதே உங்கள் தள்ளுபடி. ஆப்பிளின் கல்வி விலையில் இதே லேப்டாப் 89,900 ரூபாய். இதற்குத் தீபாவளியும் வேண்டாம், பொங்கலும் வேண்டாம். வருடம் முழுக்க உண்டு. கல்லூரி மாணவர்கள், ஆசிரியர்கள், கல்லூரி ஊழியர்கள், கல்லூரியில் படிக்கிற பிள்ளைக்காக வாங்கும் பெற்றோர் எல்லோருக்கும் பொருந்தும். ஆப்பிளின் சொந்த இணையக் கடையில் கல்வி விலைக்கென்று தனிப் பகுதி இருக்கிறது. கல்லூரியில் இருப்பவர்தான் என்று சரிபார்த்துவிட்டு அந்த விலையில் கொடுப்பார்கள். பக்கத்துக் கடையில் கேட்டால் தரலாம், தராமலும் போகலாம். ஆனால் நீங்களாகக் கேட்காமல் எவரும் சொல்ல மாட்டார். நானே எத்தனையோ பேராசிரியர்களுக்குப் பில் போட்டிருக்கிறேன். கேட்டவருக்கு மட்டும்தான் சொல்லியிருக்கிறேன். இன்றைக்கு உங்களிடம் சொல்லிப் பாவத்தைக் கொஞ்சம் கழித்துக்கொள்கிறேன்.

கேள்வியில் இன்னொரு பாதி இருக்கிறது. இந்த மாதிரிப் பொருள்களில் தள்ளுபடி ஏன் இத்தனை சிறியதாக இருக்கிறது? விலையின் கயிறு கடைக்காரர் கையில் இல்லை, தயாரிப்பாளர் கையில் இருக்கிறது. கடைக்கு நிற்கும் லாபம் மெலிசு. அதனால் கடைக்காரர் தன் பையிலிருந்து பெரிதாக எதையும் விட முடியாது. பெரும்பாலும் வங்கியோ கம்பெனியோ கொடுப்பதைத்தான் அவர் உங்களுக்குக் கைமாற்றி விடுகிறார். இதில் ஒரு நல்லதும் உண்டு. விலை மாதக்கணக்கில் அசையாமல் நிற்பதால், 5,000 குறைவு என்றால் அது மெய்யாகவே 5,000 குறைவுதான். சிறிய தள்ளுபடி, ஆனால் பொய்த் தள்ளுபடி இல்லை. பாதி விலை, முக்கால் விலை என்று கத்துகிற பொருளிடம்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

பெரிய இறக்கம் வருவது தயாரிப்பாளரின் காலண்டரில். ஐபோன் 15 வந்தபோது 79,900. 2024 செப்டம்பரில் ஐபோன் 16 வந்த அன்றே அது 69,900 ஆனது. 2025 செப்டம்பரில் 17 வந்ததும் 16க்கும் அதே கதை: 79,900இலிருந்து 69,900. தோரணம் இல்லை, குலுக்கல் கூப்பன் இல்லை, ஒரே நாளில் 10,000 ரூபாய். ஆடித் தள்ளுபடியில் 4,000 குறைத்துத் தந்தார்கள் என்று ஐபோன் 16 வாங்கிய ஒருவர் கணக்குப் பார்த்தால், இரண்டு மாதத்தில் 6,000 பின்தங்கியிருப்பார். உங்கள் மேக்புக்கும் அப்படித்தான். 2024 மார்ச்சில் எம்3 வந்தபோது 1,14,900; 2025 மார்ச்சில் எம்4 வந்தபோது 99,900. புதியது பழையதைவிட 15,000 குறைவு. ஆகவே காத்திருப்பதாக இருந்தால் அடுத்த மாடலுக்குக் காத்திருப்பதில் ஒரு அர்த்தம் இருக்கிறது. 5,000 ரூபாய்க்காகக் காத்திருப்பதில் என்ன இருக்கிறது என்பதை என் வீட்டுக் கதையாகவே சொல்கிறேன்.

2019இல் என் மகள் பொறியியல் கடைசி வருடம். ப்ராஜெக்ட் நேரத்தில் லேப்டாப் மண்டையைப் போட்டது. "தீபாவளிக்கு 3,000 ரூபாய் குறையும், அதுவரை பொறு" என்று ஷோரூம்காரன் தோரணையில் சொல்லிவிட்டேன். அவள் 32 நாள் பிரவுசிங் சென்டருக்குப் போனாள். தினம் இரண்டு மணி நேரம், மணிக்கு 30 ரூபாய். போக வர பஸ்ஸுக்கு 20. தீபாவளி முடிந்த மறுநாள் அதையெல்லாம் ஒரு காகிதத்தில் எழுதி என் காபி டம்ளருக்கு அடியில் வைத்தாள். 2,560 ரூபாய். நான் மிச்சம் பிடித்தது 440. ஒரு கிலோ மைசூர்பாகுகூட வராது. பிரவுசிங் சென்டர் கம்ப்யூட்டரில் ஏறிய வைரஸில் பென்டிரைவ் போய், ஒரு அத்தியாயத்தைத் திரும்ப எழுதியதற்கு அவள் விலை போடவில்லை. இன்றைக்கும் நான் எதற்காவது "கொஞ்சம் பொறு" என்றால் "மைசூர்பாகா அப்பா?" என்பாள்.

வகுப்பு நடுவில் அணைந்துபோகிற லேப்டாப்புக்கு ஐப்பசி தெரியாது. இந்த வாரமே வாங்குங்கள்.

சார், 55 அங்குல டிவி. அட்டையில் எம்.ஆர்.பி. 1,39,900. கடையில் "தீபாவளி அதிரடி" 59,000. ஐம்பத்தெட்டு சதவீதம் தள்ளுபடியாம். ஆகஸ்டில் இதே கடையில் இதே டிவியை 64,000 என்று போட்டிருந்தார்கள். விடலாமா, வாங்கலாமா?
– மஞ்சள் வியாபாரி, ஈரோடு

வியாபாரி என்பதால் ஆகஸ்ட் விலையை மறக்காமல் வைத்திருக்கிறீர்கள். அந்த ஒரு எண் கையில் இருந்தால் போதும், மற்றதெல்லாம் விளங்கிவிடும்.

முதலில் எம்.ஆர்.பி.யை மறந்துவிடுங்கள். அது சட்டப்படி அதற்கு மேல் விற்கக் கூடாத உச்ச விலை, அவ்வளவுதான். டிவியில் எவரும் அந்த விலைக்கு விற்றதும் இல்லை, வாங்கியதும் இல்லை. ஷோரூமுக்குள் நாங்கள் பேசுவது எம்.ஓ.பி. என்கிற விலையை. சந்தையில் உண்மையில் ஓடுகிற விலை. கம்பெனி சொல்லி அனுப்புவது. உங்கள் டிவிக்கு ஆகஸ்டில் அது 64,000.

இப்போது பென்சில் எடுங்கள். 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிக்கு 2025 செப்டம்பர் 21 வரை ஜி.எஸ்.டி. 28 சதவீதம். 22ஆம் தேதியிலிருந்து 18. 64,000க்குள் இருந்த சரக்கு விலை 50,000, வரி 14,000. அதே 50,000க்குப் புது வரி 9,000. கூட்டினால் 59,000.

ஆக "தீபாவளி அதிரடி" என்று சிவப்பு எழுத்தில் தொங்குவது அரசு குறைத்த வரி. கடைக்காரர் ஒரு பைசா விடவில்லை. வரி 10 சதவீதம் குறைந்ததால் விலையும் 10 சதவீதம் குறையும் என்று சிலர் சண்டைக்கு நிற்கிறார்கள், அதுவும் தப்பு. 64,000இல் 5,000 என்பது எட்டு சதவீதத்துக்குக் கொஞ்சம் கீழே. நியாயமாகக் குறைய வேண்டியது அவ்வளவுதான். போனுக்கும் லேப்டாப்புக்கும் முன்பும் 18, இப்போதும் 18. அவற்றில் "ஜி.எஸ்.டி. குறைப்பு" என்று ஒருவர் போர்டு வைத்திருந்தால் சிரித்துவிட்டு நகருங்கள்.

நீங்கள் கேட்க வேண்டியது இது: "வரி குறைந்தது சரி, நீங்க என்ன குறைக்கிறீங்க?" இப்படியே கேளுங்கள். சுவரில் மாட்டும் ஸ்டாண்டு, மாட்டித் தரும் கூலி, இரண்டாயிரமோ மூன்றாயிரமோ, ஏதாவது ஒன்று அசையும். ஞாயிறு மாலைக் கூட்டத்தில் கேட்காதீர்கள், உங்களைப் பார்க்கவே நேரம் இருக்காது. செவ்வாய், புதன் காலையில் கடை திறந்து போணி ஆகாத நேரத்தில் போங்கள். முதல் வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்ப எங்கள் முதலாளிக்கு மனசே வராது. மாதக் கடைசி என்றால் இன்னும் நல்லது. டார்கெட்டுக்கு ஒரு டிவி குறைகிற விற்பனையாளரைவிட இளகிய மனசுக்காரர் ஊரில் கிடையாது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் விலைக்குறைப்பு என்று அறிவித்தால், அதற்கு முந்தைய 30 நாளில் இருந்த ஆகக் குறைந்த விலையையும் காட்ட வேண்டும் என்ற விதி 2022 முதல் நடைமுறையில் இருக்கிறது. நம் ஊரில் அந்த வேலையை உங்கள் போன் கேமராதான் செய்ய வேண்டும். வாங்குவதற்கு ஒரு மாதம் முன்பே கடைக்குள் ஒரு நடை போய் விலைச்சீட்டைப் படம் எடுத்து வந்துவிடுங்கள். தீபாவளிக்கு முந்தின வாரம் ராத்திரி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, பழைய சீட்டைக் கிழித்து, கூடுதல் விலை எழுதி, அதன் மேல் ஒரு கோடு இழுத்துப் புது விலையை ஒட்டியதை நான் பார்த்திருக்கிறேன். பசை டப்பா என் கையில்தான் இருந்தது.

அண்ணா, ஐபோன் 17 விலை 82,900. கார்டுக்கு 5,000 தள்ளுபடி, அதோடு 12 மாதம் "நோ காஸ்ட் இ.எம்.ஐ." என்கிறார்கள். இரண்டு லட்டுதானே?
– ஐடி ஊழியர், ஓசூர்

ஒன்றே முக்கால் லட்டுகூட இல்லை தம்பி.

வட்டியே இல்லாத கடன் என்று வங்கி கொடுக்க முடியாது. பூஜ்ஜிய வட்டித் திட்டங்களை 2013இலேயே ரிசர்வ் வங்கி நிறுத்தச் சொல்லிவிட்டது. இப்போது நடப்பது வேறு ஏற்பாடு. வங்கி உங்களிடம் வட்டி வாங்கும். அந்த வட்டித் தொகையை விற்பவர் முன்கூட்டியே விலையில் கழித்துவிடுவார். வாங்கிய வட்டிக்கும் கழித்த வட்டிக்கும் சரியாகிவிட்டது. ஆனால் வட்டிக்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. இருக்கிறதே, அதை எவரும் கழிப்பதில்லை.

தள்ளுபடி போக 77,900. ஆண்டு வட்டி 15 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 12 மாதத்துக்கு வட்டி சுமார் 5,980 வரும். அதற்கு வரி 1,076. செயல்பாட்டுக் கட்டணம் 199 என்று போட்டால் வரியோடு 235. மொத்தம் 1,310 சொச்சம். உங்கள் 5,000 இப்போது 3,690 ஆகிவிட்டது.

கையில் பணம் இருந்தால் ஒரே தடவையில் கட்டிவிட்டு 5,000ஐ முழுசாக வாங்கிக்கொள்ளுங்கள். பணம் இல்லை, தவணைதான் வழி என்றால் 1,310 ரூபாய்க்கு ஒரு வருடக் கடன் ஒன்றும் மோசமில்லை. ஆனால் அப்போது நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி 82,900க்கு ஒரு போன் தேவையா என்பது. அதை நான் கேட்டால் பெரிசு புலம்புகிறது என்பீர்கள். விட்டுவிடுகிறேன்.

ஐயா, ஸ்டுடியோ வைத்திருக்கிறேன், ஜி.எஸ்.டி. பதிவு உண்டு. ஒரு லென்ஸ் 1,18,000 ரூபாய். தீபாவளிச் சலுகை 4,000. "பில் வேண்டாம்னா 8,000 குறைச்சுக்கிறேன்" என்கிறார் கடைக்காரர்.
– போட்டோகிராபர், காரைக்குடி

அவர் 8,000 கொடுத்து உங்களிடமிருந்து 18,000 வாங்கப் பார்க்கிறார்.

அந்த 1,18,000இல் 18,000 வரி. உங்கள் ஜி.எஸ்.டி. எண்ணோடு பில் வாங்கினால், கல்யாண ஆர்டர்களுக்கு நீங்கள் கட்ட வேண்டிய வரியில் அதைக் கழித்துக்கொள்ளலாம். ஆக லென்ஸ் உங்களுக்கு ஒரு லட்சம்தான். எந்தப் பண்டிகையும் இத்தனை தராது. சலுகை 4,000 வந்தால் வரியும் அதற்கேற்பச் சிறிது குறையும், உங்களுக்கு நிகரமாக 3,400 போல நிற்கும், வந்தால் வரட்டும். வாங்கிய பிறகு அந்த பில் உங்கள் ஜி.எஸ்.டி.ஆர். 2பி-யில் (விற்றவர்கள் ஏற்றிய பில்களை வைத்து உங்களுக்கு வருகிற வரிப் பட்டியல்) ஏறியிருக்கிறதா என்று ஆடிட்டரிடம் பார்க்கச் சொல்லுங்கள். ஏறாவிட்டால் கடைக்குப் போன் போட்டு நச்சரியுங்கள். கழித்துக்கொண்ட வரித் தொகைக்கு வருமான வரிக் கணக்கில் தேய்மானம் கோர முடியாது என்பதும் ஆடிட்டருக்கே தெரிந்திருக்கும். நீங்கள் காம்போசிஷன் திட்டத்தில் (சிறு தொழில்காரர்கள் விற்றுமுதலில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டுவது) இருந்தால் இந்தக் கழிவு கிடையாது. அப்போது 4,000தான் உங்கள் தீபாவளி.

பில் இல்லாத லென்ஸுக்கு வாரன்டியும் இல்லை. முதல் முகூர்த்தத்திலேயே ஃபோகஸ் சிக்கினால் மாப்பிள்ளை வீட்டாரிடம் என்ன சொல்வீர்கள்?

தம்பி, மகன் டாலஸில் இருக்கிறான். நவம்பர் கடைசியில் அங்கே பிளாக் ஃபிரைடே தள்ளுபடியாம். பேத்திக்கு லேப்டாப், எனக்கு ஐபோன் இரண்டையும் அங்கிருந்தே வாங்கி வரட்டுமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, தூத்துக்குடி

லேப்டாப் வரட்டும் அக்கா. ஐபோன் வேண்டாம்.

அமெரிக்க விலையில் ஒரு சூட்சுமம்: அங்கே சீட்டில் வரி இருக்காது, பில் போடும்போதுதான் ஏறும். மேலே பேராசிரியை கேட்ட அதே லேப்டாப் அங்கே 999 டாலர். டாலஸில் விற்பனை வரி எட்டேகால் சதவீதம். கூட்டினால் 1,081 டாலர். டாலர் 88 ரூபாய் என்று பிடித்தால் 95,000 சொச்சம். இங்கே 99,900. ஐயாயிரத்துக்குள்தான் வித்தியாசம். ஆனால் பிளாக் ஃபிரைடேயில் அங்குள்ள பெரிய கடைகள் லேப்டாப்பில் நம்மூர்த் தீபாவளியைவிடக் கை தாராளமாகவே விடும். 150 டாலர் குறைந்தால் 81,000க்கு அருகில் வந்துவிடும், அது லாபம்தான். பேத்தி கல்லூரி மாணவி என்றால் இங்கேயே 89,900க்குக் கிடைக்கிறது என்பதையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடச் சொல்லுங்கள். விமானத்தில் வருகிற 18 வயது நிரம்பிய ஒருவர் ஒரு லேப்டாப்பைச் சுங்கவரி இல்லாமல் கொண்டுவரலாம். ஒன்றுதான். மருமகளுக்கு இன்னொன்று, மச்சானுக்கு இன்னொன்று என்று பெட்டியில் அடுக்கினால் விமான நிலையத்தில் நிற்க வேண்டும்.

ஐபோன் ஏன் வேண்டாம் என்றால், ஐபோன் 14இலிருந்து அமெரிக்காவில் விற்பவற்றில் சிம் போடும் தட்டே கிடையாது, போனுக்குள்ளேயே பதிந்திருக்கிற இ-சிம் மட்டும்தான். போன் கெட்டால் சிம்மைக் கழற்றிப் பழைய பட்டன் போனில் போட்டுக்கொள்கிற நம் தலைமுறைக்கு அது தோதுப்படாது. உங்களுக்கு ஊரிலேயே வாங்குங்கள்.

இணையத்தில் "இன்னும் 2 மட்டுமே", "4 நிமிடத்தில் சலுகை முடிகிறது" என்று ஓடுகிறதே, நிஜமா?
– மாணவர், சிதம்பரம்

சில நேரம் நிஜம். பக்கத்தை மூடிவிட்டு மறுநாள் திறந்து பாருங்கள், அதே 4 நிமிடம் புதிதாக ஓடினால் நிஜமில்லை. இல்லாத அவசரத்தை இருப்பதாகக் காட்டுவது 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தடைசெய்த 13 தந்திரங்களில் ஒன்று. படம் பிடித்து வைத்துக்கொண்டு 1915க்குப் போன் செய்து புகார் சொல்லலாம்.

ஷோரூமில் மாட்டியிருந்த ஓ.எல்.இ.டி. டிவியை "டிஸ்பிளே பீஸ்" என்று 20 சதவீதம் குறைத்துத் தருகிறார்கள்.
– ஹோட்டல் உரிமையாளர், கும்பகோணம்

நான் வாங்க மாட்டேன். கடை திறந்ததிலிருந்து மூடும் வரை, முழு வெளிச்சத்தில், ஒரே விளம்பரப் படம் ஓடிக்கொண்டே இருக்கும். ஓ.எல்.இ.டி. திரையில் அசையாமல் நிற்கிற எழுத்து, சின்னம் எல்லாம் நிழலாகப் படிந்துவிடும். அதற்கு மேலும் ஆசை இருந்தால், வெறும் சாம்பல் நிறத்தைத் திரை முழுக்கப் போடச் சொல்லிப் பாருங்கள். மூலையில் கம்பெனிப் பெயர் மங்கலாகத் தெரிந்தால் கும்பிட்டுவிட்டு வாருங்கள். சாதா எல்.இ.டி. என்றால் இந்தப் பயம் குறைவு. வாரன்டி பில் தேதியிலிருந்து தொடங்குகிறது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

29,990 ரூபாய் ஹெட்போன் 26,990க்கு வருகிறது. தவறவிட்டால்?
– தனியார் நிறுவன ஊழியர், கோவை

தவறவிட்டால் ஒன்றும் ஆகாது. ஹெட்போன் விலை அடுத்து புத்தாண்டுக்கு இறங்கும், குடியரசு தினத்துக்கு இறங்கும், சுதந்திர தினத்துக்கும் இறங்கும். பக்கத்து வீட்டில் துளையிடும் சத்தம் தாங்கவில்லை என்றால் மட்டும் இன்றைக்கு வாங்குங்கள்.

என் கணவர் போன தீபாவளித் தள்ளுபடியில் வாங்கிய ஸ்மார்ட் வாட்ச் இன்னும் பெட்டிக்குள் இருக்கிறது. "பத்து சதவீதம் மிச்சம் பண்ணினேன்" என்று இன்றும் சொல்கிறார். இந்த வருடம் டேப்லெட் பார்த்துக்கொண்டிருக்கிறார். என்ன செய்ய?
– பெயர் வேண்டாம், நாமக்கல்

வாட்ச்சைச் சார்ஜ் போட்டு அவர் கையில் கட்டிவிடுங்கள் அம்மா. தினம் பத்தாயிரம் அடி நடந்து காட்டினால் டேப்லெட் பற்றிப் பொங்கலுக்குப் பேசலாம் என்று சொல்லுங்கள். நடந்துவிட்டால் எனக்கு எழுதுங்கள். நானே கூட வந்து விலை பேசித் தருகிறேன்.